“பிள்ளை, என்ர பல்ஸ் சரியோ?” – இதயத் துடிப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் ஒரு ஆஸ்பத்திரியின் ஈசிஜி அறையிலும் பிறகு கிளினிக்கிலும் தாதியாகப் பல வருடங்கள் வேலை செய்தேன். கட்டிலில் படுத்திருப்பவரின் நெஞ்சில் ஜெல் பூசி வயர்களை ஒட்டும் அந்த இரண்டு மூன்று நிமிடங்களில்தான் மனிதர்கள் மனதில் கிடப்பதைக் கேட்பார்கள். டொக்டரிடம் கேட்கக் கூச்சப்பட்டது, வெளியே வரிசை நீளமாக நிற்கிறதே என்று விழுங்கியது எல்லாம் அங்கே வெளியே வரும். வயதானவர்கள் ‘பிள்ளை’ என்பார்கள், மற்றவர்கள் ‘மிஸ்’. இப்போது ஓய்வில் இருக்கிறேன். அயல் வீட்டு உயர்தர மாணவர்கள் ‘அன்ரி’ என்று கொப்பியோடு வருகிறார்கள். ஆட்கள் மாறினாலும் கேள்விகள் மாறவில்லை, அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

மேலை மருத்துவத்தை டொக்டர் சாமுவேல் கிறீன் 1800களின் நடுவிலேயே மானிப்பாயில் தமிழில் படிப்பித்த மண் இது. இதயத்தைப் பற்றித் தமிழில் விளங்கப்படுத்த முடியாது என்று இங்கே யாரும் சொல்லக் கூடாது. சொற்கள் பற்றி ஒன்று: நம் பாடப்புத்தகங்களில் இதயத்திலிருந்து போகும் குழாய் நாடி, இதயத்துக்குத் திரும்பும் குழாய் நாளம். இந்தியாவில் தமனி, சிரை என்பார்கள்.

“பிள்ளை, ஒரு நிமிசத்துக்கு எத்தின தரம் அடிச்சாச் சரி?”

வளர்ந்த ஒருவர் ஓய்வாக இருக்கும்போது 60இலிருந்து 100 வரை. பிறந்த குழந்தைக்கு 120, 140 என்று இருப்பது சாதாரணம். வளர வளரக் குறையும்.

பார்க்கும் முறையில்தான் கன பேர் பிழை விடுகிறார்கள். படியேறி வந்த கையோடு பார்க்கக் கூடாது. ஐந்து நிமிடம் ஆறுதலாக இருந்துவிட்டு, உள்ளங்கையை மேலே பார்க்க வைத்து, பெருவிரலுக்கு நேர் கீழே மணிக்கட்டில் சுட்டுவிரலையும் நடுவிரலையும் மெல்ல வையுங்கள். பெருவிரலால் பார்த்தால் அதன் சொந்தத் துடிப்பே குழப்பிவிடும். 15 செக்கன் எண்ணி நாலால் பெருக்குவதைவிட முழு நிமிடமும் எண்ணுங்கள். எண்ணிக்கையோடு துடிப்பு ஒழுங்காக வருகிறதா, இடையில் விட்டுவிட்டு வருகிறதா என்பதும் கைக்குத் தெரியும். கொரோனா காலத்தில் வாங்கிய விரல் கருவியும் உதவும், ஆனால் குளிர்ந்த விரலிலும் நகப்பூச்சு போட்ட விரலிலும் தடுமாறும்.

“இதயத்தை அடி எண்டு சொல்லுறது ஆர்? மூளைதானே?”

இல்லை. இதயம் தானாகவே அடிக்கும். வலது சோணையறையின் (இதயத்தின் மேலறை) மேல் மூலையில், மேற்பெருநாளம் வந்து சேரும் இடத்தில், ஒரு சிறு கலக்கூட்டம் இருக்கிறது. 1907இல் ஆர்தர் கீத், மார்ட்டின் ஃபிளாக் என்ற இருவர் அதைக் கண்டு எழுதினார்கள். பாடத்தில் குடாச்சோணைக் கணு என்று வரும்.

சொட்டுச் சொட்டாக ஒழுகும் பைப்புக்குக் கீழே செம்பு வைத்தால் அது மெல்ல மெல்ல நிரம்பி ஒரு கட்டத்தில் வழியும் அல்லவா? இந்தக் கலங்களும் அப்படித்தான். சோடியம் அயன்கள் உள்ளே கசியக் கசிய மின்னழுத்தம் ஏறும். குறித்த மட்டத்தைத் தொட்டதும் கல்சியம் உள்ளே பாயும், ஒரு துடிப்பு பிறக்கும். உடனே பழைய நிலைக்கு இறங்கி, மறுபடி கசிவு. இதற்கு யாருடைய கட்டளையும் தேவையில்லை. அங்கே பிறந்த மின் அலை சோணையறைகளில் பரவி, நடுவில் இருக்கும் இன்னொரு கணுவில் ஏறத்தாழ 0.1 செக்கன் தாமதித்து, அதன் பிறகே கீழறைகளான இதயவறைகளுக்கு இறங்கும். மேலறை கீழறைக்குள் இரத்தத்தைக் கொட்டி முடிக்கக் கிடைக்கும் அவகாசம் அது. ஈசிஜி தாளில் சின்ன மேட்டுக்கும் உயர்ந்த கூர் கோட்டுக்கும் இடையில் தட்டையாகத் தெரியும் துண்டு அதுதான்.

“அப்ப மூளைக்கு அதில வேலையே இல்லையோ மிஸ்?”

இருக்கிறது, வண்டிக்காரனின் வேலை. மாட்டுவண்டிச் சவாரி பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். மாடு தன் காலால்தான் ஓடுகிறது. வண்டிக்காரன் ஒரு கையில் நாணயக்கயிற்றையும் மறு கையில் கம்பையும் வைத்திருக்கிறான். மூளையின் அடியில், முண்ணாண் தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே உள்ள நீள்வளைய மையவிழையம்தான் அந்த வண்டிக்காரன். அங்கிருந்து இறங்கும் வேகசு நரம்பு கயிறு. பரிவு நரம்புகள் கம்பு.

நரம்பு எதுவும் தொடாமல் விட்டால் இதயம் ஏறத்தாழ 100 அடிக்கும். ஓய்வில் நமக்கு 70 என்றால், கயிறு எந்நேரமும் இழுத்துப் பிடித்தபடி இருக்கிறது என்று அர்த்தம். எழும்பி நடக்கும்போது முதலில் கயிறு தளர்கிறது. 100ஐத் தாண்டி ஓட வேண்டுமானால் கம்பு வேண்டும். கயிற்றின் வேலை அடுத்த துடிப்பிலேயே தெரியும். கம்பு வேலை செய்யச் சில செக்கன்கள் எடுக்கும்.

நரம்பு இதயத்தோடு எப்படிப் ‘பேசுகிறது’ என்பதை 1921இல் ஒட்டோ லோவி காட்டிய விதம் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு தவளையின் இதயத்தில் வேகசு நரம்பைத் தூண்டி அதை மெதுவாக்கினார். அதைச் சுற்றியிருந்த திரவத்தை எடுத்து வேறொரு தவளை இதயத்தில் விட்டார். நரம்பே தொடாத அந்த இரண்டாவது இதயமும் மெதுவானது. நரம்பு ஒரு இரசாயனத்தை விடுகிறது என்பது தெளிவானது. அசற்றைல்கோலின் என்று இன்று படிக்கிறோமே, அதுதான். 1936இல் அவருக்கும் ஹென்றி டேலுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

“பல்ஸ் 72 எண்டு காட்டுது. அப்ப இதயம் நல்லா வேலை செய்யுது எண்டுதானே?”

இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் வாசிக்க நேரம் இருந்தால் இதை வாசியுங்கள். துடிப்பு எண்ணிக்கை பாதிக் கதைதான்.

கிணற்றில் தண்ணீர் அள்ளும்போது நிமிடத்துக்கு எத்தனை தரம் வாளி வந்தது என்று மட்டும் எண்ணினால் தொட்டி நிரம்புமா என்று சொல்ல முடியாது. வாளி நிறைய வந்ததா, அரைவாளியாக வந்ததா என்பதும் தெரிய வேண்டும். இதயத்தின் இடப்பக்க வாளி ஒரு அடியில் ஏறத்தாழ 70 மில்லிலீற்றர் தள்ளும். அதை 72ஆல் பெருக்குங்கள், 5 லீற்றர் வருகிறது. உடம்பில் இருக்கும் மொத்த இரத்தமும் ஏறத்தாழ அவ்வளவுதான். ஆக, சும்மா கதிரையில் இருக்கும்போதே முழு இரத்தமும் நிமிடத்துக்கு ஒரு தரம் சுற்றி வருகிறது. நிமிடத்துக்கு இத்தனை லீற்றர் என்ற இந்தக் கணக்குத்தான் இதய வெளியீடு.

இப்போது வாளி சுருங்கி 40 மில்லிலீற்றர் ஆனது என்று வையுங்கள். அதே 72 துடிப்பில் 3 லீற்றர்கூட வராது. மணிக்கட்டில் எண்ணிக்கை மாறவே இல்லை, ஆள் மட்டும் களைத்துப் போய் இருப்பார். உடம்பு காப்பாற்றப் பார்ப்பது இந்த லீற்றர் கணக்கையும் இரத்த அமுக்கத்தையும்தான். எண்ணிக்கையை அதற்காகக் கூட்டும், குறைக்கும்.

“எக்கோ றிப்போட்டில 60 வீதம் எண்டு கிடக்கு. மிச்சம் 40 வீதம் பழுதாப் போச்சோ?”

றிப்போட்டை நாலாக மடித்துச் சொப்பிங் பைக்குள் வைத்துக்கொண்டு, மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடாமல் இதைக் கேட்க வந்த ஒரு அம்மாவை நான் மறக்க மாட்டேன். அம்மா, 60 என்றால் நல்ல இதயம். நிரம்பிய இரத்தத்தில் எத்தனை வீதம் ஒரு அடியில் வெளியே போகிறது என்பதைத்தான் எக்கோ ஸ்கான் அப்படிச் சொல்கிறது.

இதயவறை நிரம்பும்போது ஏறத்தாழ 120 மில்லிலீற்றர் இருக்கும். அதில் 70 வெளியேறும், 50 உள்ளேயே நிற்கும். எழுபதை 120ஆல் வகுத்தால் 58 வீதம். எந்த இதயமும் முழுவதையும் வெளியே தள்ளாது. 55இலிருந்து 70 வரை சாதாரணம், 40க்குக் கீழே போனால்தான் பம்ப் பலவீனம் என்று பேசுவார்கள். உள்ளே நிற்கும் அந்த 50 ஒரு கையிருப்பு. ஓட வேண்டி வந்தால் இதயம் இன்னும் இறுக்கிப் பிழிந்து அதிலிருந்தும் எடுக்கும்.

“அன்ரி, ஒரு அடியில எவ்வளவு வெளியேறும் எண்டதை எது தீர்மானிக்குது?”

மூன்று விசயம். எவ்வளவு வந்து நிரம்பியது, தசை எவ்வளவு பலமாகச் சுருங்குகிறது, வெளியே தள்ள எவ்வளவு எதிர்ப்பு இருக்கிறது. இரண்டாவதைப் பரிவு நரம்பும் அதிரினலினும் கூட்டும், தசைக் கலத்துக்குள் கூடுதல் கல்சியத்தை விட்டு. மூன்றாவது, பெருநாடியில் இருக்கும் அமுக்கம். பிறசர் கூடியவருக்கு ஒவ்வொரு அடியும் உள்ளே இருந்து தள்ளித் திறக்க வேண்டிய பாரமான கதவு. வருடக்கணக்காகத் தள்ளித் தள்ளி அந்தத் தசை தடிக்கும்.

முதலாவதுதான் அழகானது. கெற்றப்போல் றப்பரைக் கூட இழுத்தால் கல் தூரமாகப் போகும். இதயவறையும் கூட நிரம்பி இழுபட்டால் அடுத்த அடியைக் கூடிய பலத்தோடு அடிக்கும். இழுபட்ட தசைநார்கள் கல்சியத்துக்குக் கூடுதலாக இணங்குவதுதான் முக்கிய காரணம். நரம்பு, ஓமோன் எதுவும் வேண்டாம். 1895இல் ஒட்டோ ஃபிராங்க் தவளை இதயத்திலும், பிறகு இலண்டனில் ஏர்னஸ்ட் ஸ்டார்லிங் நாய் இதயத்திலும் இதைக் கண்டார்கள். அதனால் ஃபிராங்க்–ஸ்டார்லிங் விதி என்று பெயர்.

இது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். இதயத்தின் வலப்பக்கம் சுவாசப்பைக்கு அனுப்புகிறது, இடப்பக்கம் உடம்புக்கு. வலப்பக்கம் ஒரு அடிக்கு 1 மில்லிலீற்றர் மட்டும் கூட அனுப்புகிறது என்று வைப்போம். நிமிடத்துக்கு 70 மில்லிலீற்றர், ஒரு மணித்தியாலத்தில் 4 லீற்றருக்கு மேல் சுவாசப்பையில் தேங்கிவிடும். அப்படி நடக்காமல் இருப்பது, கூட வந்த அந்த ஒரு மில்லிலீற்றர் இடப்பக்கத்தைச் சற்று இழுக்க, அது அடுத்த அடியிலேயே கூடத் தள்ளிச் சமப்படுத்துவதால்தான். கண் மூடி நித்திரை கொள்ளும்போதும் ஒவ்வொரு அடியிலும் இந்தக் கணக்கு நேராகிறது.

“சீவல் தொழில் செய்யிறவர் ஒரு நாளைக்கு எத்தின பனை ஏறுறார். அவற்ற இதயம் என்ன பாடுபடும்?”

தளைநாரில் கால் வைக்கும் முன்பே துடிப்பு ஏறத் தொடங்கும். தசையை அசைக்கக் கட்டளை போடும்போதே மூளை வண்டிக்காரனுக்கும் சொல்லிவிடுகிறது. கயிறு தளரும், பிறகு கம்பு. மேலே ஏற ஏறத் தொடைத் தசைகள் ஒட்சிசனைச் செலவழிக்கும், அங்கே சேரும் கழிவுகள் நாடிகளைத் தளர்த்தி விரிக்கும். கால் ஒவ்வொரு முறை மடங்கி நிமிரும்போதும் தசை நாளங்களை நசுக்கி இரத்தத்தை மேலே தள்ளும். நாளங்களுக்குள் ஒருவழி வால்வுகள் இருப்பதால் அது கீழே திரும்பாது. ஆக, கூட இரத்தம் திரும்பி வருகிறது, மேலே சொன்ன கெற்றப்போல் கூட இழுபடுகிறது. வராத இரத்தத்தை எந்த இதயமும் தள்ள முடியாது என்பதால் இந்தத் திரும்பி வரவு முக்கியம்.

5 லீற்றராக இருந்த வெளியீடு, உடம்பு பழகிய இளையவருக்குக் கடும் உழைப்பில் 20 லீற்றரைத் தாண்டும். ஓய்வில் ஐந்தில் ஒரு பங்கை மட்டும் வாங்கிய தசைகள் அப்போது ஐந்தில் நாலு பங்கை எடுத்துக்கொள்ளும். குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் போவது குறையும். மூளைக்குப் போவது மட்டும் குறையாமல் காக்கப்படும்.

“கனடாவில இருந்து மாமா அனுப்பின மணிக்கூடு நித்திரையில 46 காட்டுது. பயப்பிட வேணுமோ அன்ரி?”

கேட்டவன் பின்னேரம் தவறாமல் உதைபந்து விளையாடும் பெடியன். அவனுக்குப் பயமில்லை. பயிற்சியால் இதயவறை பெருத்து ஒரு அடியில் 100 மில்லிலீற்றர் தள்ளுகிறது என்றால் 50 துடிப்பிலேயே 5 லீற்றர் வந்துவிடும். நித்திரையில் கயிறு இன்னும் இறுகும், எண்ணிக்கை இன்னும் இறங்கும். ஆனால் அதே 46, தலைச்சுற்றோடும் களைப்போடும் எழுபது வயதுக்காரருக்கு வந்தால் அது வேறு கதை. ஈசிஜி எடுக்க வேண்டும்.

“படுக்கையால எழும்பினாத் தலை சுத்துது. ஏன்?”

எழும்பி நின்றவுடன் அரை லீற்றருக்கு மேற்பட்ட இரத்தம் கால், வயிற்று நாளங்களுக்கு இறங்கும். திரும்பி வரவு குறையும், ஒரு அடியின் அளவு குறையும், அமுக்கம் விழும். கழுத்து நாடி இரண்டாகப் பிரியும் இடத்திலும் பெருநாடியின் வளைவிலும் சுவர் எவ்வளவு இழுபடுகிறது என்று பார்க்கும் நரம்பு முனைகள் இருக்கின்றன. இழுவை குறைந்தது என்று அவை உடனே மூளைக்குச் சொல்லும். கயிறு தளர்ந்து, கம்பு எழுந்து, துடிப்பு பத்து இருபது கூடும், நாளங்களும் நாடிகளும் இறுகும். இரண்டு மூன்று செக்கனில் எல்லாம் தொடங்கிவிடும்.

வயது போனால் இந்தச் சுற்று மந்தமாகும். பிறசர் குளிசை, சலம் கூடப் போகும் குளிசை, நீண்டகாலச் சீனி வருத்தம் எல்லாம் இதை இன்னும் தளர்த்தும். கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் கால் தொங்கப்போட்டு இருந்து, பாதத்தை ஆட்டிவிட்டு எழும்புங்கள். குளிசையை நீங்களாக நிற்பாட்ட வேண்டாம், டொக்டரிடம் சொல்லுங்கள். இரவில் சலம் போக எழும்பி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து வந்தவர்களை அளவுக்கு மேல் பார்த்துவிட்டேன்.

“நல்லூர்த் தேருக்கு நிண்டுகொண்டிருந்த பிள்ளை அப்பிடியே சரிஞ்சு விழுந்திட்டுது. இதயத்தில ஏதும் கோளாறோ?”

பெரும்பாலும் இல்லை. விடிய விடிய விரதம், வெயில், அசையாமல் நிற்பது. தசை அசையாததால் இரத்தம் காலில் தேங்கும். வெக்கையால் தோலின் நாடிகள் விரியும், வியர்வையால் நீரும் குறையும். முதலில் மேலே சொன்ன சுற்று துடிப்பைக் கூட்டிச் சமாளிக்கும். சிலருக்கு ஒரு கட்டத்தில் அந்தச் சுற்று தலைகீழாகிவிடும். கம்பு கீழே விழும், கயிறு திடீரென இறுகும். துடிப்பும் அமுக்கமும் ஒன்றாக விழ, மூளைக்கு இரத்தம் குறைந்து மயக்கம்.

விழுந்தவரைத் தூக்கி நிமிர்த்தி நிற்பாட்ட வேண்டாம். அதைத்தான் சனம் முதலில் செய்கிறது. படுக்க விட்டுக் காலை உயர்த்துங்கள், ஒரு நிமிடத்துக்குள் கண் திறப்பார். ஓடும்போது மயங்கினால், நெஞ்சு நோவோடு மயங்கினால், குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் நடந்திருந்தால் மட்டும் இதைச் சாதாரணமாக எடுக்கக் கூடாது.

“மூச்சை இழுக்கேக்க கெதியா அடிக்குது, விடேக்க மெதுவாகுது. இது நோயோ?”

நோயில்லை. மூச்சை இழுக்கும்போது வேகசு நரம்பின் பிடி சற்றுத் தளர்ந்து, விடும்போது இறுகுகிறது. சிறுவர்களிடமும் இளையவர்களிடமும் நன்றாகத் தெரியும். மெதுவாக, வெளிமூச்சை நீட்டிச் சுவாசிக்கும்போது நெஞ்சு ஆறுவதும் இதனால்தான்.

“கடலட்டை பிடிக்கச் சுழியோடுற பெடியளுக்கு நெஞ்சு வேகமாத்தானே அடிக்கும்?”

தண்ணீரின் மேல் இருக்கும்வரை அப்படித்தான். மூச்சைப் பிடித்து முகத்தைத் தண்ணீருக்குள் வைத்ததும் நேர்மாறாக நடக்கும். முகத்தின் உணர்வைக் கொண்டுபோகும் நரம்பு வழியாகச் செய்தி போய், வேகசு இறுக்கிப் பிடிக்கும், துடிப்பு இறங்கும். அதே நேரம் கை, கால் நாடிகள் சுருங்கும். உள்ளே இருக்கும் கொஞ்ச ஒட்சிசன் மூளைக்கும் இதயத்துக்கும் ஒதுக்கப்படுகிறது. சீல் போன்ற கடல் விலங்குகளிடம் இது மிகப் பலமாக இருக்கும். நம்மிடமும் மிச்சம் இருக்கிறது. முகத்தில் குளிர்ந்த கிணற்றுத் தண்ணீர் அடித்தால் படபடப்பு அடங்குவது வெறும் நம்பிக்கை இல்லை.

“திருவிழாவில வெடி கொளுத்தினா எனக்கு இண்டைக்கும் நெஞ்சு பதறுது. சண்டை முடிஞ்சு இவ்வளவு காலமாச்சு…”

இதைப் பலரும் மெதுவான குரலில்தான் கேட்பார்கள். சத்தம் காதில் விழுந்து, அது வாணவெடி என்று மனம் புரிந்துகொள்ளும் முன்பே, மூளையின் ஆழத்தில் ஆபத்தைப் பார்க்கும் பகுதி பரிவு நரம்பைத் தட்டிவிடுகிறது. சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல இருக்கும் சுரப்பி அதிரினலினை இரத்தத்தில் விடுகிறது. இது வெடிதான் என்று தெரிந்த பிறகும் அந்த அதிரினலின் கரையச் சில நிமிடம் எடுக்கும், அதுவரை இதயம் அடித்துக்கொண்டே இருக்கும். பங்கருக்குள் இருந்து உயிர் தப்பிய உடம்பு கற்றுக்கொண்ட பாடம் இது. இதயம் பழுதாகவில்லை. நித்திரை கெட்டு, ஆட்களைத் தவிர்த்து வாழும் அளவுக்குப் போனால் மனநலக் கிளினிக்கில் காட்டுங்கள், அதில் வெட்கப்பட எதுவுமில்லை.

“பம்ப் அடிச்சாலும் நெஞ்சு அடிக்குது, பிளேன்ரீ குடிச்சாலும் அடிக்குது.”

வீசிங்குக்கு அடிக்கும் சல்பியூற்றமோல், அதிரினலின் தொடும் அதே வகை வாங்கிகளைத்தான் தொடுகிறது. சுவாசக் குழாய் விரிவதோடு துடிப்பும் கூடும், கையும் கொஞ்சம் நடுங்கும். வீசிங் வந்தால் அதற்குப் பயந்து பம்பை விட வேண்டாம். தேயிலையில் உள்ள கஃபீன், இதயத்தை ஆற்றும் அடினோசின் என்ற பொருளை மறிக்கிறது. தொடர்ந்து குடிப்பவருக்குப் பழகிவிடும். ஒரு கோப்பையிலேயே படபடப்பு வருகிறவர் குறைக்கலாம்.

“டெங்கு வார்ட்டில பிறசர் நல்லாத்தான் இருக்கு எண்டுறாங்கள். பேந்தேன் அடிக்கடி வந்து பல்ஸ் பாக்கினம்?”

மாரி மழைக்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் இந்தக் கேள்வி வரும். காய்ச்சல் துடிப்பைக் கூட்டும், ஒரு பாகை செல்சியசுக்கு ஏறத்தாழ பத்து. அது விளங்கும். டெங்கின் ஆபத்து காய்ச்சல் இறங்கும் நேரத்தில் வருகிறது. அப்போது மயிர்த்துளைக் குழாய்களில் இருந்து இரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியே கசியும். இதயத்துக்குத் திரும்பி வருவது குறையும், வாளி அரைவாளியாகும். உடம்பு என்ன செய்யும்? எண்ணிக்கையைக் கூட்டும், நாடிகளை இறுக்கும். அதனால் மேல் பிறசர் விழாமல் நிற்கும், கீழ்ப் பிறசர் ஏறும். 110க்கு 70 ஆக இருந்தது 100க்கு 82 ஆகும். பார்ப்பவருக்கு ‘நூறு இருக்குத்தானே’ என்று தோன்றும். இரண்டுக்கும் இடைவெளி 40இலிருந்து 18க்குச் சுருங்கியதைத்தான் தாதி பார்க்கிறார். இடைவெளி 20 அல்லது அதற்குக் கீழே வந்தால் அது அதிர்ச்சி நிலை.

இந்த நேரத்தில் பிள்ளையின் கையைத் தொட்டால் சில்லென்று இருக்கும், துடிப்பு மெல்லியதாக, வேகமாக ஓடும். உடம்பு தன் எல்லாக் கையிருப்பையும் போட்டுச் சமாளிக்கிறது. அது முடிந்தால் அமுக்கம் ஒரேயடியாக விழும். ‘காய்ச்சல் விட்டிட்டுது, துண்டு வெட்டித் தாங்கோ’ என்று அவசரப்படும் பெற்றோரிடம் நான் சொல்வது இதைத்தான்: காய்ச்சல் விட்ட முதல் நாள்தான் மிகக் கவனமாகப் பார்க்க வேண்டிய நாள்.

“வேகமா அடிச்சாக் கூட இரத்தம் போகும். அப்ப 200 அடிச்சா நல்லம்தானே?”

கணக்கில் சரி போலத் தெரியும். ஆனால் வாளி நிரம்ப நேரம் வேண்டும். 75 துடிப்பில் ஒரு சுற்றுக்கு 0.8 செக்கன். அதில் சுருங்க 0.3, நிரம்ப 0.5. நிமிடத்துக்கு 200 என்றால் முழுச் சுற்றுமே 0.3 செக்கன்தான். வெட்டுப்படுவது பெரும்பாலும் நிரம்பும் நேரம். ஓடும்போது கால் தசை இரத்தத்தை விரைவாகத் தள்ளிக் கொடுப்பதால் சமாளிக்கலாம். சும்மா இருக்கும்போது மின்கோளாறால் 200 அடித்தால் அந்த உதவி இல்லை. வாளி வெறுமையாகவே வந்து போகும், வெளியீடு குறையும், தலை சுற்றும். இன்னொன்று, இடது இதயவறையின் தசைக்குச் சொந்த இரத்தம் கிடைப்பதும் பெரும்பாலும் அது தளர்ந்திருக்கும் நேரத்தில்தான். அதுவும் சேர்ந்து குறையும்.

“அம்மாவுக்கு ஹாட் வீக் எண்டினம். பிறகு அதை இன்னும் மெதுவாக்கக் குளிசை குடுத்திருக்கினம். இது சரியோ?”

நியாயமான கேள்வி. ஒரு காலத்தில் டொக்டர்களே இதைக் கூடாது என்றுதான் நினைத்தார்கள். 1975இல் சுவீடனின் கோதென்பேர்க்கில் ஒரு குழு துணிந்து கொடுத்துப் பார்த்து முன்னேற்றம் கண்டது. 1990களின் பெரிய ஆய்வுகளுக்குப் பிறகு பைசோபுறோலோல், கார்வெடிலோல் போன்றவை இந்த நோயின் அடிப்படை மருந்தாகின.

காரணம் இது. வெளியீடு குறைந்ததும் உடம்பு, இரத்தம் கொட்டுப்பட்டுவிட்டது என்று நினைத்துக்கொள்கிறது. கம்பால் இடைவிடாமல் அடிக்கும். சிறுநீரகம் உப்பையும் தண்ணீரையும் பிடித்து வைக்கும், நாடிகள் இறுகும். டெங்கில் பார்த்த அதே தற்காப்புத்தான். இரண்டு நாளுக்கு அது உயிர் காக்கும். மாதக்கணக்கில் நடந்தால் இதயம் பெருத்து, றப்பர் இழுபட்டு இளகி, கால் வீங்கும். களைத்த மாட்டை அடித்து ஓட்டினால் வண்டி வீடு போய்ச் சேராது. குளிசை அந்தக் கம்பைத் தடுக்கிறது. மெதுவாக அடிப்பதால் நிரம்ப நேரம் கிடைக்கிறது, தசை ஆறுகிறது. மிகச் சிறிய அளவில் தொடங்கி மெல்லக் கூட்டுவார்கள், முதல் கிழமைகளில் களைப்புக் கூடலாம். ஒருபோதும் திடீரென நிற்பாட்டாதீர்கள். இத்தனை நாள் தடுத்து வைத்த அடி ஒரேயடியாக விழும்.

“எப்ப உடனை ஆஸ்பத்திரிக்குப் போகவேணும்?”

படபடப்போடு நெஞ்சு நோவு, மூச்சுத் திணறல், மயக்கம், குளிர் வியர்வை இதில் ஒன்று இருந்தாலும். ஓய்வில் 120க்கு மேல் இறங்காமல் நின்றால். 40க்குக் கீழே போய்த் தலை சுற்றினால். துடிப்பு முற்றிலும் ஒழுங்கில்லாமல் புதிதாக வந்தால். 1990க்கு அழையுங்கள், இலவச அம்புலன்ஸ் வரும். குளிசைப் பையையும் கிளினிக் கொப்பியையும் கையோடு கொண்டு போங்கள்.

“அப்பாவுக்குப் பேஸ்மேக்கர் வைக்கப் போகினமாம். அது நிண்டா இதயமும் நிண்டிடுமோ?”

பெரும்பாலானவர்களுக்கு அப்படி இல்லை. மேலே சொன்ன நடுக்கணுவில் மின் அலை தடைப்பட்டாலும் கீழே இருக்கும் இழைகள் தாமாகவே 20இலிருந்து 40 வரை அடிக்கும். உயிர் பிடித்திருக்கும், ஆனால் எழும்பி நடக்க அது காணாது. கருவி அந்த இடைவெளியை நிரப்புகிறது. துடிப்பு தானாக வந்தால் பேசாமல் இருக்கும், வராவிட்டால் ஒரு சிறு மின் தட்டுத் தரும். பல கருவிகள் உடம்பு அசைவதை உணர்ந்து வேகத்தையும் கூட்டும். முதன்முதலில் 1958இல் ஸ்டொக்ஹோமில் ஆர்னே லார்சன் என்பவருக்கு உடம்புக்குள் வைத்தார்கள். முதல் கருவி சில மணித்தியாலம்தான் ஓடியது. அவரோ இருபதுக்கும் மேற்பட்ட கருவிகளை மாற்றி மாற்றி வைத்து 2001 வரை வாழ்ந்தார்.

“அன்ரி, வேற ஆளின்ர இதயத்தை வெட்டி வைச்சா நரம்பெல்லாம் அறுந்திடும்தானே. பிறகு எப்பிடி அடிக்கும்?”

இதுவரை சொன்ன எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்கும் கேள்வி. 1967 டிசம்பர் 3இல் கேப் டவுனில் கிறிஸ்டியன் பார்னாட் முதல் மனித இதயத்தை மாற்றி வைத்தார். அறுத்த நரம்புகளைத் தைக்க முடியாது, தைக்கவும் இல்லை. ஆனாலும் அடித்தது. செம்பு தானாக நிரம்பும் என்று சொன்னேனே, அது புது இதயத்தோடு சேர்ந்தே வருகிறது.

கயிறு இல்லாததால் ஓய்விலேயே 90, 100 என்று அடிக்கும். மூச்சோடு கூடிக் குறையாது. படி ஏறத் தொடங்கும்போது துடிப்பு உடனே ஏறாது, ஏனென்றால் தட்டிவிடக் கம்பும் இல்லை. அந்த முதல் நிமிடங்களைக் கெற்றப்போல் பார்த்துக்கொள்கிறது. காலில் இருந்து கூட வரும் இரத்தம் இழுக்க, ஒவ்வொரு அடியும் பெரிதாகிறது. பிறகு இரத்தத்தோடு வரும் அதிரினலின் எண்ணிக்கையையும் மெல்லக் கூட்டும். அதனால் இப்படிப்பட்டவர்களை, வேலை தொடங்கும் முன் சில நிமிடம் மெதுவாக நடந்து உடம்பைச் சூடாக்கச் சொல்வார்கள். நின்ற பிறகும் துடிப்பு இறங்கக் கன நேரம் எடுக்கும், அதிரினலின் கரையும் வரைக்கும்.